ஒன்பதாவது வளைவு

பிப்ரவரி 4

ரோலர்காரருக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன் செய்தால் உங்களுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரரை நடுவில் வைத்துக்கொண்டு புருஷனிடம் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பந்தயத் தடத்துக்குப் புதுத் தார் போடும் வேலையில் நீங்கள் இருப்பதாக அக்கா சொன்னாள். மார்ச் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, அங்கேதான் எங்களுக்குப் போட்டி. பழைய தடம் எனக்கு மனப்பாடம். எந்த விரிசலில் பிரேக் மிதிப்பது, எந்த ஒட்டுப்போட்ட இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அத்தனையையும் நீங்கள் மூடிவிட்டீர்கள். இப்போது எனக்கு ஒரு அடையாளமும் இல்லை. அணியில் வைத்திருக்கும் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அதிலும் பழைய தடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை இருபது நிமிடம் பயிற்சி. பன்னிரண்டு சுற்று வரும். டயர் சூடேறவே மூன்று போய்விடும். மீதிச் சுற்றுகளில் ஒன்பது வளைவையும் படித்தாக வேண்டும்.

இது எனக்கு வெறும் போட்டி இல்லை. அணியில் நானும் இன்னொருவரும் ஓட்டுகிறோம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுவதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அடுத்த வருடம் ஒரே ஒரு கார்தான். இந்தப் போட்டியில் எங்கள் இருவரில் யார் முன்னால் வருகிறோமோ அவருக்கு அது. எனக்கு முப்பத்தெட்டு வயது. இதை விட்டால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

அந்தத் தார்மேல் முதலில் ஏறிய வண்டி உங்கள் ரோலர்தான். எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

அவசரக்காரி

---

பிப்ரவரி 9

என் அவசரக்காரிக்கு,

உன் கடிதம் நேற்று பதினோரு மணிக்கு வந்தது. மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தபால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்தைப் பார்த்ததும் சட்டையில் பாதிப் பொத்தான் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே நான் சுகம். காது மட்டும் என்னோடு இல்லை. இடது காது போன வருடமே விடைபெற்றுவிட்டது, வலது காது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது.

சந்தோஷத்தில் என்ன எழுதுவதென்றே புரியவில்லை. நீ விஷயத்தைக் கேட்டிருக்கிறாய், விஷயத்தைச் சொல்கிறேன். தார் வேலை நேற்றோடு முடிந்தது. ஒன்பது வளைவும் போட்டாகிவிட்டது. இனிமேல் வண்டி நிறுத்துமிடம் மட்டும் பாக்கி.

முதல் வளைவு. நேர்ச்சாலை முடிந்து வலப்பக்கம் திரும்பும். நீ பிரேக் பிடிக்கும் விரிசல் போய்விட்டது, அதைத் தேடாதே. தீயணைப்பு ஆட்கள் நிற்கும் கூண்டுக்கு நீலக் கதவு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மிதி. வெளிப்பக்கத்துப் பட்டையைக் காலையில் போட்டோம், கலவை கொதித்துக்கொண்டு வந்தது, வழவழவென்று படிந்துவிட்டது. உள்பக்கத்துப் பட்டை போடும்போது லாரி தாமதம், கலவை கொஞ்சம் ஆறிவிட்டது. அது சொரசொரப்பு. அதனால் உள்பக்கமே நில், டயர் பிடிக்கும். நீ லாரி ஓட்டிய காலத்தில் ஒரு நாளாவது கலவை ஆறியிருக்குமா? பின்னாலேயே வந்து ஹாரன் அடித்து என் உயிரை வாங்குவாயே. அந்த ஹாரனைக் கேட்டுத்தான் என் காது போயிற்று என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்ற வளைவுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அவசரமாக எழுதினால் தப்பு வரும். மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? அதற்குப் பதில் எழுது, இரண்டாவது வளைவு வரும்.

உன்
ரோலர்காரன்

---

பிப்ரவரி 14

ரோலர்காரருக்கு,

மணிக்கட்டு வலிக்கிறது. போதுமா? இரண்டாவது வளைவை அனுப்புங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கடிதம் போய் ஒரு கடிதம் வர ஒன்பது பத்து நாள். ஒன்பது வளைவுக்குத் தொண்ணூறு நாள். போட்டி முடிந்து, கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்த பிறகு ஐந்தாவது வளைவு வந்து சேரும். என்ன ஆள் நீங்கள்! எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி உறையில் போட்டால் உங்கள் ரோலர் கவிழ்ந்துவிடுமா?

நீலக் கதவு நல்ல அடையாளம். வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன், நீலக் கதவைப் படித்தபோது எனக்கு வண்டியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மேனேஜரிடம் உங்கள் குறிப்பைக் காட்டினேன். "யாருங்க இவரு, பொறியாளரா?" என்றார். "இல்ல, எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வாயில் வந்து ரொம்ப நாளாகிறது.

அவசரக்காரி

---

பிப்ரவரி 18

என் அவசரக்காரிக்கு,

"வீட்டுக்காரர்" என்ற வரியை ஐந்து தடவை படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன, தனியா சிரிக்கிறீங்க?" என்று தாளில் எழுதிக் காட்டினார். இப்போதெல்லாம் என்னிடம் பேச வருகிறவர்கள் தாளும் பேனாவுமாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அதனாலேயே யாரும் வெட்டிப் பேச்சு பேசுவதில்லை, நிம்மதி.

இரண்டும் மூன்றும் சேர்த்து எழுதுகிறேன், திட்டாதே. இடம், உடனே வலம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டோம். அதனால் தடம் இரண்டு விரல்கடை உயர்ந்துவிட்டது, ஓரக்கல் அதே உயரத்தில் நிற்கிறது. முன்பு அந்த ஓரக்கல்லில் ஏறினால் வண்டி துள்ளும் என்பாய், இப்போது துள்ளாது. இரண்டிலும் கல்லின் மேலேயே ஏறிக் குறுக்கே போய்விடு. மற்ற ஓட்டுநர்கள் பழைய பயத்தில் ஒதுங்கிப் போவார்கள். உனக்கு மட்டும் தெரியும்.

வலிக்கிற மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அணியில் யாராவது வெந்நீர் வைத்துத் தருகிறார்களா? தனியாகவா இருக்கிறாய்? இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

உன்
ரோலர்காரன்

---

பிப்ரவரி 23

ரோலர்காரருக்கு,

தனியாகத்தான் இருக்கிறேன். அணிக்காரர்கள் பிடித்துக் கொடுத்த விடுதியில் மூன்றாம் மாடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, சத்தம் போடும் மின்விசிறி. தினமும் சாயங்காலம் அறைக்கு வெளியே நீள நடைபாதையில் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூன்று வளைவையும் நடந்து பார்க்கிறேன். நீலக் கதவு, மிதி, உள்பக்கம். இடம், கல்மேல். வலம், கல்மேல். நேற்று கூட்டிப் பெருக்க வந்த அம்மா ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, நேரா நடக்க என்ன கேடு?" என்று கேட்டாள். பந்தயத் தடம் படிக்கிறேன் என்று விளக்கினேன். "ஆம்பளைங்கதான் அதுக்குப் போவாங்கன்னு நெனச்சேன். ஜெயிச்சுட்டு வாம்மா" என்று விளக்குமாற்றாலேயே எனக்கு வழிவிட்டாள்.

மனசு லேசாக இருப்பதால் ஒன்று சொல்கிறேன். நான் போனது இந்த வேலைக்காக மட்டும் இல்லை. இந்த அணியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தைப் பதினோரு நாள் பீரோவில் பூட்டி வைத்தீர்களே, அதற்காக. கேட்டபோது, "குடுத்தா போயிருவே, அதான்" என்றீர்கள். கொடுத்திருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போயிருப்பேன், வாரக் கடைசியில் வந்திருப்பேன். பூட்டி வைத்ததால்தான் பெட்டியைக் கட்டினேன். இதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன். அது என் தப்பு.

உங்கள் கடிதங்களைப் படிக்கும்போது அந்தக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. உண்மையைச் சொன்னால், தபால் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்கிறேன்.

படுக்கையறை ஜன்னல் இன்னும் ஒழுகுகிறதா? மிச்ச ஆறையும் அனுப்புங்கள். தயவுசெய்து ஒரே உறையில்.

அவசரக்காரி

---

மார்ச் 1

என் அவசரக்காரிக்கு,

ஜன்னல் ஒழுகுகிறது. வாளி அங்கேயேதான் இருக்கிறது. பூட்டி வைத்தது தப்பு. அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். மன்னித்துக்கொள் என்று எழுத இரண்டு வருடம் பேனா வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன். இனி நீ கேட்டதெல்லாம்.

நாலு: மேடேறித் திரும்பும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. நீ குறி வைக்கும் மரத்தை, தார் போடும் வண்டி திரும்ப வேண்டுமென்று வெட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கொட்டகையின் தகரக் கூரைக்கு இடது மூலை இருக்கிறதே, அதைப் பார்த்து ஏறு.

ஐந்து: இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் போட்டது. கலவை லாரி வரவில்லை என்று சூடு ஆறாத தார்மேல் ரோலரை நிறுத்திவிட்டேன். சூட்டில் நிறுத்தக்கூடாது என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன்! அன்றைக்கு என்னவோ யோசனையில் இருந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது, உன் வண்டிக்குத் தெரியும். உள்பக்கக் கல்லிலிருந்து ஒரு டயர் அகலம் தள்ளியே போ.

ஆறு: ஒன்றும் மாறவில்லை, பழையபடி ஓட்டு. ஏழு: நடுவில் இரண்டு பட்டைகள் சேரும் ஒட்டு நீளமாக ஓடுகிறது, அதன்மேல் பிரேக் பிடிக்காதே, வழுக்கும். ஒட்டைத் தாண்டிவிட்டு மிதி. எட்டு: வெளியே போகும் இடத்தில் தண்ணீர் வடிய நன்றாகச் சாய்த்துப் போட்டிருக்கிறோம், அந்தச் சாய்வு உன்னைத் தாங்கும். மற்றவர்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் இடத்தில் நீ எடுக்காதே.

ஒன்பதாவது, கடைசி வளைவு. அதிலிருந்துதான் நேர்ச்சாலைக்கு வருவாய், அங்கே வேகம் விட்டால் சாலை முழுக்க விட்டதுதான். அதனால் அதை எழுத்தில் சொல்ல மாட்டேன். போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை வீட்டுக்கு வா. வாசலிலிருந்து தடத்துக்குப் பத்து நிமிட நடை. எதிரில் உட்கார்த்தி வைத்துச் சொல்கிறேன்.

உன்
ரோலர்காரன்

---

மார்ச் 6

ரோலர்காரருக்கு,

ஐந்தாவது வளைவில் நீங்கள் உங்கள் தப்பை எழுதியிருந்ததைப் படித்துக் கண் கலங்கினேன். இந்த மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தேன். தாளைத் திருப்பினேன், ஒன்பதாவது வந்தது.

மறுபடியும் பீரோவில் பூட்டிவிட்டீர்கள்.

அடுத்த வருடத்துக்கு எனக்கு வேலை இருக்குமா இல்லையா என்பது அந்தக் கடைசி வளைவில் இருக்கிறது. அதை வைத்து என்னை வீட்டுக்கு இழுக்கப் பார்க்கிறீர்கள். வா என்று கூப்பிட உங்களுக்கு வாய் இல்லையா? எதையாவது கையில் வைத்துக்கொண்டு, "வந்தா தர்றேன்" என்றுதான் கூப்பிடத் தெரியுமா? நான் என்ன, மிட்டாயைக் காட்டிக் கூப்பிட வேண்டிய குழந்தையா?

வியாழக்கிழமை அங்கே வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். ஒன்பதாவது வளைவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு நன்றி.

அவசரக்காரி

---

மார்ச் 15, வியாழன்

அம்மா அவசரக்காரி,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பேனாவைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். இதைத் தடத்தின் வாசலில் காவல்காரரிடம் கொடுத்து உன் கையில் சேர்க்கச் சொல்கிறேன். கோபத்தில் கிழித்துப் போடாதே, முழுசாகப் படி.

ஒன்பதாவது வளைவு எனக்குத் தெரியாது.

அதைப் போட்ட அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பிப்ரவரி எட்டு. உன் முதல் கடிதம் வந்த நாள். பாதிப் பொத்தான் போட்டு உட்கார்ந்தேன் என்று எழுதினேனே, மீதிப் பொத்தானைப் போடவே இல்லை. சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார்ந்து அதையே படித்துக்கொண்டிருந்தேன். வேறொருவர் என் ரோலரை ஓட்டி ஒன்பதை முடித்தார். அவரிடம் போய்க் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்க, தார்ல என்ன வித்தியாசம்?" என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த ஆளுக்கு ரோலரும் ஒன்று, தள்ளுவண்டியும் ஒன்று. நானே நடந்து பார்க்கலாம் என்றால், பெயின்ட் அடிக்கிறோம் என்று எங்களை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் கண்ணால் பார்த்து எனக்கு ஒன்றும் புரியாது. எனக்குத் தார் புரிவது சீட்டில் உட்கார்ந்து அது இடுப்பில் இடிக்கும்போதுதான்.

நீ எழுதியிருந்தாய், உங்களைவிட யாருக்குத் தெரியும் என்று. அதைப் படித்த பிறகு தெரியாது என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து என்னிடம் ஒன்று கேட்கிறாய், அதில் ஒன்பதில் ஒன்று கையில் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தெரியாததைத் தெரிந்த மாதிரி மூடிப் பூட்டினேன். நீ வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஒப்புக்கொள்ளலாம், உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் திட்டிவிட்டுச் சிரித்துவிடுவாய் என்று நினைத்தேன். பொய் சொல்லி ஏதாவது எழுதியிருக்கலாம். உன் உயிர் போகும் விஷயம், அதைச் செய்யவில்லை. அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது.

பார்த்து ஓட்டு.

ரோலர்காரன்

---

மார்ச் 19

ரோலர்காரருக்கு,

நான் நாலாவதாக வந்தேன். கண்ணாடிக்காரர் ஏழாவது. கார் எனக்குத்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், போட்டி அன்றிலிருந்தே கேட்கக் காத்திருப்பீர்கள்.

நீலக் கதவில் மிதித்தேன். ஓரக்கல் இரண்டிலும் நான் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டு மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். உங்கள் பள்ளத்தைச் சுற்றிப் போனேன், எனக்கு முன்னால் போன வண்டி அதில் இறங்கி ஆடிப்போய் வழியை விட்டுவிட்டது. அங்கே ஒரு இடம் முன்னேறினேன். எட்டாவதில் காலை எடுக்கவே இல்லை. எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தது, ஒரு எழுத்து மாறவில்லை.

காவல்காரர் உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தார். படித்துவிட்டுப் போட்டி அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்பதாவது வளைவுக்கு நடந்து போனேன். தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். நாலு தடவை நடந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. அங்கே நின்றால் உங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. காவல்காரரை அனுப்பியிருந்தால் கால் மணி நேரத்தில் வந்திருப்பீர்கள். அனுப்பவில்லை. அந்த ஓரத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மறுநாள் பயிற்சியில் மற்ற எட்டையும் உங்கள் கடிதத்திடம் விட்டுவிட்டு எல்லாச் சுற்றிலும் அந்த ஒன்றையே படித்தேன். நேரம் எடுக்கிறவர்கள் சொன்னார்கள், போட்டியில் ஒன்பதாவது வளைவை என்னைவிட வேகமாக யாரும் எடுக்கவில்லையாம்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் மேனேஜரிடம் வியாழக்கிழமைக்கு ஒரு நாள் லீவு கேட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வரத்தான். நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டு வைத்தது அது. மார்ச் ஆறாம் தேதி போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஒன்பதாவது எனக்குத் தெரியல, வா, ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்" என்று முதல் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், பெட்டியோடு வந்து இறங்கியிருப்பேன். அந்த ஒரு வரி உங்களுக்கு வரவில்லை. வர ஐந்து வாரமானது, அதுவும் நான் கோபப்பட்ட பிறகு. இன்னும் இருபது வருடம் உங்கள் மௌனத்துக்குப் பின்னால் இருப்பது பூட்டா, வெறும் அறையா என்று கதவைத் தட்டிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு இல்லை. கோபம் துளிகூட இல்லை, அதனால்தான் இது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது.

வக்கீல் ஒரு தாள் அனுப்புவார். வீடு உங்களுக்கே. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புரியாத இடம் இருந்தால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் அவரிடமே கேளுங்கள்.

வலது காதை டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்

---

ஏப்ரல் 27

அவசரக்காரிக்கு,

நாலாவதாக வந்தாய் என்று படித்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். பாவம், பயந்துபோனார். வலது காதைக் காட்டினேன், மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

வக்கீல் அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு நேற்று அவர் அலுவலகத்துக்கே போனேன். நீ சொன்னபடி முழுசாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் "இருவரின் மனமொத்த சம்மதத்துடன்" என்று இருந்தது. எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: "உங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னு அர்த்தம்." எனக்குச் சம்மதமா என்று எனக்குத் தெரியாதுங்க என்றேன். அவர் "கையெழுத்துப் போட்டா சம்மதம்னுதான் எடுத்துக்குவாங்க" என்று அதற்குக் கீழேயே எழுதினார்.

நீ கேட்டிருக்கிறாய் என்பதால் போட்டுவிட்டேன்.

ரோலர்காரன்